வெள்ளை எங்கே நிற்கப் போகிறது?

ஸ்னூக்கரை டி.வி.யில் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க இருக்கு, நேரா இருக்கிற பந்தைத் தள்ளி விடறாங்க" என்று சொல்லாத ஆளை நான் கிருஷ்ணகிரியில் பார்த்ததில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. படம் அப்படித்தான் காட்டுகிறது. நன்றாக ஆடுகிறவருக்கு ஒவ்வொரு பந்தும் பக்கத்திலேயே கிடக்கும், கோணமும் சுலபமாகவே இருக்கும். முந்தைய அடியிலேயே, கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்பதுதான் காரணம். வித்தை நடந்தது அப்போது. நாம் அந்த நேரத்தில் சிவப்புப் பந்து பாக்கெட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் மூன்றுக்கும் வீடியோவில் வரைகலை தேவைப்படுவது இந்த ஓர் இடத்துக்குத்தான் என்பது என் கட்சி. பந்து நன்றாகவே தெரிகிறது. ஆடுகிறவர் குனிவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி நடந்து எதையோ பார்க்கிறாரே, அது படத்தில் இல்லை.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ. முகூர்த்த நாளில் மண்டபத்து மூலையில் வீடியோ மிக்சர் முன்னால் உட்கார்ந்து நாலு கேமராவை மாற்றி மாற்றி லைவ் விடுவேன். ஆடியும் மார்கழியும் வந்தால் கை சும்மா இருக்கும். அந்த மாதங்களில் பெங்களூர் ரோட்டில் ஒரு மாடியில் இருக்கும் ஸ்னூக்கர் பார்லரில் என்னைப் பார்க்கலாம். இரண்டு ஸ்னூக்கர் டேபிள், ஒரு பூல் டேபிள். ஓனர் அண்ணன் கிரானைட் பாலிஷிங் தொழிலிலிருந்து வந்தவர். மேசையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அன்றைக்கு ஆட விடமாட்டார். அவர்தான் ஒருநாள், "நம்ம பசங்க ஆடற டோர்னமென்ட்ட லைவ் விடலாமா?" என்று கேட்டார். விட்டோம். ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, கீழே ஸ்கோர். பார்த்தவர்கள் எல்லாரும் ஆடுகிறவர்களின் வீட்டு ஆட்கள். அவர்களும் கொஞ்ச நேரத்தில் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

கேமராவை எங்கே வைத்தோம் என்பதிலிருந்தே தொடங்கலாம். இடம் இல்லாத பார்லரில் ஸ்டாண்டு நிற்பது மேசையின் ஒரு தலைமாட்டில். மூன்று மீட்டர் பின்னால், மேசைக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னூக்கர் மேசையின் ஆடுபரப்பு 3569 மில்லிமீட்டர் நீளம், 1778 மில்லிமீட்டர் அகலம். அதாவது நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்தக் கேமராவில் பார்த்தால் மேசை குட்டையாக, உயரத்தைவிட அகலமாகத் தெரியும். அத்தோடு, கேமராவுக்குப் பக்கத்துப் பாதி, தூரத்துப் பாதியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தைத் திரையில் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஸ்டாண்டு வாசல் பக்கம், 'டி' என்ற அரைவட்டம் வரைந்திருக்கும் பக்கம். பிங்க்கும் பிளாக்கும் சிவப்புக் கூட்டமும் தூரத்துப் பாதியில். முக்கால்வாசி ஆட்டம் நடக்கும் இடம் படத்தில் ஒரு பட்டையாக நசுங்கிக் கிடந்தது. இப்படி நசுங்கிய படத்தில் கோணம் என்று ஒன்று கிடையாது. நேர் அடி கட் போல, அதாவது பந்தின் ஓரத்தை வெட்டும் அடி போலத் தெரியும், கட் நேர் அடி போலத் தெரியும்.

பெரிய சேனல்களுக்கும் இந்த ஆட்டம் முதலிலிருந்தே தகராறுதான். 1969இல் பிபிசி2 'பாட் பிளாக்' என்று ஒரு ஸ்னூக்கர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கு அனுமதி கொடுத்தவர் டேவிட் அட்டன்பரோ, பிற்பாடு காட்டு விலங்குப் படங்களால் நம் வீடுகளுக்கெல்லாம் வந்தவர். கலர் டி.வி. புதிதாக வந்த சமயம். கலரைக் காட்ட ஸ்னூக்கரைவிட வசதியான ஆட்டம் எது? ஆனால் நிறைய வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. கறுப்பு வெள்ளையில் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பிங்க் பந்து பச்சைப் பந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வர்ணனையாளர் டெட் லோ சொன்னதை ஸ்னூக்கர்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வரைகலையே இல்லாமல் ஊரைக் கட்டிப்போட்ட ஆட்டமும் உண்டு. 1985 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் கடைசி ஃப்ரேமின் (ஒரு சுற்று ஆட்டத்துக்கு ஃப்ரேம் என்று பெயர்) கடைசி கறுப்புப் பந்து வரை போனார்கள். பிரிட்டனில் நள்ளிரவு தாண்டியும் 1 கோடியே 85 லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். மேசையில் மிச்சம் ஒரே பந்து, விழுந்தால் கோப்பை. அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சாதாரண ஃப்ரேமில் மேசை நிறையப் பந்து கிடக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு எங்கே கண்ணை வைப்பதென்றே தெரியாது.

இதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் கலர் பந்துகளைச் சேர்த்து ஆட ஆரம்பித்தார். விதிகள் எழுதி மாட்டப்பட்டது 1880களில், நம் ஊட்டி கிளப்பில். 1958இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். அடுத்து மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி. இப்போது பங்கஜ் அத்வானி, இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரில் இருக்கிறார். இத்தனை இருந்தும் நம் தெருவில் ஒருவருக்கு இன்-ஆஃப் (இன்னொரு பந்தில் பட்டுத் தன் பந்து பாக்கெட்டில் விழுவது) என்றால் என்னவென்று தெரியாது. சரி, புலம்பியது போதும்.

கோடு போட்டுக் காட்டும் வழக்கம் நமக்குக் கிரிக்கெட்டில் பழக்கம். ஹாக்-ஐ என்ற அந்தத் தொழில்நுட்பம் 2001இல் இங்கிலாந்தின் சேனல் 4இல் கிரிக்கெட்டுக்கு வந்தது. 2007 உலக சாம்பியன்ஷிப்பில் பிபிசி அதை ஸ்னூக்கருக்குக் கொண்டுவந்தது. பந்துகளின் இடத்தைக் கணினியில் ஏற்றி, ஆடுகிறவரின் கண்மட்டத்திலிருந்து மேசை எப்படித் தெரிகிறது, எந்தப் பந்து மறைக்கிறது, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டினார்கள். கிரிக்கெட்டில் பந்து ஆகாயத்தில் வருகிறது, தரையில் குத்துகிறது, திரும்புகிறது; அதைப் பிடிக்கப் பல கேமரா வேண்டும். மேசையில் அந்தத் தொந்தரவு இல்லை. குதித்து ஓடும் அடி ஒன்றிரண்டை விட்டால் எல்லாப் பந்தும் ஒரே தளத்தில்தான் உருளும். மேலே ஒரே ஒரு கேமரா, கொஞ்சம் கணக்கு, அவ்வளவு போதும். எங்களுக்குத் தைரியம் வந்தது இங்கேதான்.

கணக்குக்கு ஆள் கிடைத்தான். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன், பார்லருக்கு ஆட வருகிறவன். "அண்ணா, நாலு பாயிண்ட் குடுத்தா போதும், நசுங்கின படத்த நேராக்கிடலாம்" என்றான். ஒரு தளத்தைச் சாய்வாகப் பார்க்கும் படத்தை நேர் மேலிருந்து பார்ப்பதாக மாற்ற எட்டு எண்கள் தெரிய வேண்டும். ஒரு புள்ளி இரண்டு சமன்பாடு தரும். ஆக நாலு புள்ளி. ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் நூலகத்தில் இதெல்லாம் தயாராகவே இருக்கிறது. என் கல்யாண லேப்டாப்பிலேயே ஓடியது.

ஆனால் கணக்கை விடக் கூரை பெரிய சிக்கல். பார்லரின் கூரை பத்து அடி. மேசை கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர் உயரம். மிச்சம் 2.2 மீட்டர்தான் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து சட்டம் உட்பட முழு மேசையும் தெரிய வேண்டுமானால் லென்ஸ் 83 டிகிரியாவது விரிய வேண்டும். போனின் சாதாரண லென்ஸ் அவ்வளவு விரியாது. 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸ் விரியும். ஆனால் மேசையின் ஓரத்தில் பந்து பட்டுத் திரும்பும் குஷன்கள், நேரானவை எல்லாம் வயிறு பிதுங்கி வளைந்து தெரியும். செஸ் போர்டு மாதிரி கட்டம் அச்சடித்த அட்டையை மேசையில் இங்கும் அங்கும் வைத்துப் படமெடுத்து, அந்த வளைவை அளந்து, முதலில் அதை நிமிர்த்த வேண்டும். அப்புறம்தான் நாலு புள்ளிக் கணக்கு. இன்னொரு தொல்லை விளக்குக் கூடு. மேசைக்கு மேலே தொங்கும் பழைய கூடு கேமராவின் பாதிப் பார்வையை மறைத்தது. அண்ணன் அதைக் கழற்றிவிட்டு, நடுவில் காலியாக இருக்கும் சதுரச் சட்டத்தில் எல்.இ.டி. மாட்டினார். போன் அந்த ஓட்டைக்கு நேர் மேலே கூரையில் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் முடிந்து பந்தை அடையாளம் காண விட்டபோது ஒரு விநோதம். நடு மேசையில் இருக்கும் பந்துக்கு மென்பொருள் சொல்லும் இடம் சரியாக இருந்தது. ஓரத்துக்குப் போகப் போக, குறிப்பாக இரண்டு தலைமாட்டிலும், பந்து இரண்டு சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருப்பதாகச் சொன்னது. குஷனில் ஒட்டியிருக்கும் பந்து குஷனுக்குள்ளேயே புகுந்துவிட்டதாகக் காட்டியது. பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமாச்சாரம் என்னவென்றால், நாலு புள்ளியையும் துணியின் மேல் குறித்திருந்தான். பந்தின் மையம் துணியில் இல்லை. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், மையம் துணிக்கு மேலே 26 மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கேமரா நேர் மேலே இருந்தால் இது பாதிக்காது. 1.8 மீட்டர் தள்ளிச் சாய்வாகப் பார்க்கும்போது அந்த 26 மில்லிமீட்டர் உயரம், வெளிப்பக்கமாக 21 மில்லிமீட்டர் நகர்வாகத் தெரியும். பாதிப் பந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்னூக்கரில் அவ்வளவு நகர்ந்தால் பந்து விழுவதற்கும் விழாததற்கும் இடையிலான தூரத்தை எப்போதோ தாண்டியாயிற்று. தீர்வு சின்னது: துணியில் புள்ளி குறிக்காமல், தெரிந்த இடங்களில் பந்தையே வைத்து அதன் மையத்தைக் குறிக்க வேண்டும்.

அதோடு இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒவ்வொரு ஃப்ரேமும் தொடங்கும்போது ஆறு கலர் பந்துகளும் அவற்றின் புள்ளியில் நிற்கும். பிரவுன் நிற்கும் கோடு கீழ்க் குஷனிலிருந்து 737 மில்லிமீட்டர், மஞ்சளும் பச்சையும் அதிலிருந்து இரு பக்கமும் 292 மில்லிமீட்டர், புளூ நட்ட நடுவில், பிளாக் மேல் குஷனிலிருந்து 324 மில்லிமீட்டர். விதியே அளவைக் கொடுத்துவிட்டது. மாடிப்படியில் யாராவது தடதடவென்று ஏறி, கூரையில் ஒட்டிய போன் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும், அடுத்த ஃப்ரேம் தொடங்கும்போது மென்பொருள் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும்.

விளக்கைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம்மூரில் லைவ் விடுகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனை விநாடிக்கு 60 ஃப்ரேமில் (இது ஆட்டத்து ஃப்ரேம் இல்லை, வீடியோவின் தனித்தனிப் படம்) வைத்தால் படம் முழுக்க இருண்ட பட்டைகள் மேலும் கீழும் நகரும். 25 அல்லது 50 ஃப்ரேம் வைத்து, ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் பூட்டினால் பட்டை போய்விடும். ஆனால் 100இல் ஒரு விநாடியில், விநாடிக்கு இரண்டு மீட்டர் ஓடும் பந்து இரண்டு சென்டிமீட்டர் இழுபட்டுத் தெரியும். ஷட்டரை இன்னும் வேகமாக்க வேண்டுமானால் மினுங்காத டிரைவர் சர்க்யூட் போட்ட விளக்கு வேண்டும். மட்டமான எல்.இ.டி.யில் சிவப்பும் பிரவுனும் ஒரே நிறமாகத் தெரியும் என்பது இன்னொன்று. ஆடுகிறவர்களே சில நேரம் தடுமாறுவார்கள், மென்பொருள் பாவம் என்ன செய்யும். ஒவ்வொரு பந்தின் தலையிலும் விளக்குச் சட்டம் வெள்ளைப் பொட்டாக மின்னும். அதைக் குட்டி வெள்ளைப் பந்து என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க அதற்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனி வரைகலை. இந்த இடத்தில் என் தொழில் புத்தி உதவியது. மணமக்களைப் பச்சைத் துணி முன்னால் நிற்கவைத்துப் பின்னால் காஷ்மீரைப் போடும் க்ரோமா வேலையைக் கிருஷ்ணகிரியில் செய்யாத ஸ்டுடியோ கிடையாது. ஸ்னூக்கர் மேசை பிறக்கும்போதே பச்சைத் துணி போர்த்திக்கொண்டு பிறந்தது. துணியின் பச்சை எங்கே தெரிகிறதோ அங்கே மட்டும் கோட்டை வரை என்றால், ஆடுகிறவரின் கையும் க்யூ என்கிற கோலும் கோட்டின் மேல் இயல்பாகப் படிந்துவிடும். கோடு துணியிலேயே வரைந்தது போல இருக்கும். அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் 1998இலிருந்து புல்வெளியில் மஞ்சள் கோடு வரைவதும் இதே உத்திதான். ஒரே சங்கடம் பச்சைப் பந்து. அதன் மேலேயும் கோடு ஏறிவிடும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியுமே; அந்த வட்டத்தை வெட்டிவிட்டால் ஆயிற்று. பச்சைச் சட்டை போட்டு வருகிறவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு சட்டை மாற்றிவரச் சொல்வோம்.

எதை வரைவது என்பதில்தான் சண்டை. பையனுக்கும் அவன் சேக்காளிகளுக்கும் ஆசை, அடிப்பதற்கு முன்னாலேயே பந்து போகும் வழியைக் கோடாகக் காட்டுவது. அவர்கள் எல்லாரும் போனில் 8 பால் பூல் ஆடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் க்யூவைத் திருப்பினால் வெள்ளைக் கோடு தானே வரும். பார்லருக்கு முதல்முறை வரும் பையன்கள் குனிந்து நின்று அந்தக் கோட்டைத் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

எதிர்க்கட்சி ஒரு பெரியவர். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர், எல்லாருக்கும் அவர் சார். கோட்டைப் பார்த்ததும், "ஏம்ப்பா, விடைய மொதல்லயே போர்டுல எழுதிட்டா பரீட்சை எதுக்கு?" என்றார்.

"சார், புதுசா பாக்கிறவங்களுக்குப் புரியணும்ல?"

"புரியறதுக்குக் காட்டு. வேணாங்கல. பந்து எங்க போகுதுன்னு காட்டாத. அவன் எங்க வேணும்னு நெனைக்கிறான்னு காட்டு."

எனக்கு அவர் சொன்னதுதான் பிடித்தது. அதிலிருந்துதான் எங்கள் வீடியோவின் முக்கியமான வரைகலை வந்தது: வெள்ளை நிற்க வேண்டிய பரப்பு. செய்முறை இப்படி. மேசையை ஐந்து சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய 2500 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளை நிற்பதாக வைத்துக்கொண்டு மென்பொருள் சில கேள்விகளைக் கேட்கும். அடுத்த பந்தை எந்தப் பாக்கெட்டுக்காவது அனுப்ப வழி திறந்திருக்கிறதா? வெள்ளையிலிருந்து அந்தப் பந்துக்கு நடுவில் ஏதாவது மறைக்கிறதா? வெட்டு எத்தனை டிகிரி? குஷனில் ஒட்டிக்கொண்டு க்யூ வைக்கச் சிரமமான இடமா? பதில் நன்றாக இருந்தால் அந்தக் கட்டத்துக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சு. வாய்ப்பு கூடக் கூடப் பூச்சு அழுத்தம். அடிப்பதற்கு முன் இரண்டு மூன்று விநாடி மட்டும் இதைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவோம், ஓரக் கோடு மட்டும் இருக்கும்.

இதைப் போட்ட பிறகு பார்க்கும் விதமே மாறிவிட்டது. சிவப்பு விழுந்ததும் ஆட்டம் முடியவில்லை. வெள்ளை இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது, அந்தப் பரப்புக்குள் போய் நிற்குமா, தாண்டிவிடுமா? கமென்ட்டில் "போ போ போ", "நில்லு" என்று எழுத ஆரம்பித்தார்கள். போகும் வழியை முன்கூட்டியே கோடு போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று நான் இன்னமும் சாதிக்கிறேன். பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

பரப்பு கொஞ்ச நேரத்தில் தானே பாடமும் எடுத்துவிடுகிறது. பிளாக்குக்கு நேராக நின்றால் போடுவது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நேர் அடியில் வெள்ளை முன்னும் பின்னும்தான் போகும், பக்கவாட்டில் போகாது. அடுத்த சிவப்புக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கோணம் விட்டு நிறுத்துவார்கள். அதற்கும் அடுத்த அடியையும் சேர்த்துக் கணக்குப் போடும்படி மென்பொருளுக்குச் சொன்னதும் பரப்பின் நடுவில் ஒரு வெளிறிய கீற்று வந்தது. அது அந்த நேர்கோடு. மிச்சத்தை வர்ணனையில் சொல்லிக்கொள்ளலாம்.

அடித்து முடித்த பிறகு கோடு வரைவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது இன்னும் அழகு. மேலிருக்கும் கேமரா பிடித்த ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் வெள்ளைப் பந்தை எடுத்து ஒரே படத்தில் ஒட்டினால் அது போன பாதை கிடைக்கும். விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில், 25 ஃப்ரேமில், ஒரு ஃப்ரேமுக்கு 8 சென்டிமீட்டர் ஓடிவிடும். பந்துகளுக்கு நடுவில் இடைவெளி விழும். 50 ஃப்ரேம் என்றால் 4 சென்டிமீட்டர். ஒன்றின் மேல் ஒன்று படிந்து மாலையாகத் தொடரும். அப்போதுதான் தெரியும், வெள்ளை முழுக்க நேராகப் போவது அபூர்வம். இன்னொரு பந்தை வெட்டியதும் முதலில் பக்கவாட்டில் விலகும். அப்புறம் மேல் சுழற்சி இருந்தால் முன்னோக்கி, கீழ்ச் சுழற்சி இருந்தால் பின்னோக்கி வளையும். துணியில் வழுக்கிக்கொண்டிருக்கும் வரைதான் அந்த வளைவு; வழுக்கல் நின்று உருள ஆரம்பித்ததும் நேர்கோடு. வழுக்கும் பகுதி ஒரு பரவளையம் என்பதை பிரெஞ்சுக்காரர் கொரியாலிஸ் 1835இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார். பூமியின் சுழற்சியால் காற்று விலகுவதற்குப் பள்ளியில் ஒரு பெயர் படித்தோமே, அவரேதான். பத்தாம் வகுப்பில் பரவளையம் வரையச் சொன்ன டீச்சருக்கு இந்தப் படத்தை அனுப்ப வேண்டும் என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்னூக்கர் ஆக்கிவிட்ட நிலையை, அதாவது அடிக்க வேண்டிய பந்து வேறு பந்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் காட்டத்தான் நாங்கள் ரொம்ப யோசித்தோம். முடிவில் சார் சொன்ன யோசனை: வெள்ளைப் பந்து இருக்கும் இடத்தில் ஒரு பல்பு எரிவதாக வைத்துக்கொள், மற்ற பந்துகளின் நிழல் விழட்டும். அப்படியே செய்தோம். நிழலுக்குள் முழுதாக ஒளிந்திருக்கும் சிவப்பு நேரடியாக அடிபடாது. ஓரம் மட்டும் வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓரத்தைத்தான் உரச வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லாமலே வீட்டுப் பெண்களுக்குக்கூட உடனே புரிந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது, அதனால் 'கூட' வேண்டாம்.

சின்ன எழுத்தில் ஒரு வரி, மேசையில் மிச்சமிருக்கும் பாயிண்ட். இதற்கு எந்தக் கேமரா வித்தையும் தேவையில்லை, ஆனால் பெரிய வித்தையெல்லாம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிவப்புக்கு ஒன்று, அதையடுத்துப் போடும் பிளாக்குக்கு ஏழு, ஆக ஒரு சிவப்புக்கு அதிகபட்சம் எட்டு. கடைசியில் ஆறு கலருக்கும் சேர்த்து 27. நாலு சிவப்பு மிச்சமிருந்தால் 59. ஒருவர் 60 முன்னால் இருந்தால், எதிராளி இனிப் பந்து போட்டு மட்டும் ஜெயிக்க முடியாது, ஃபவுல் வாங்க வைக்க வேண்டும். அதுவரை பந்தைப் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ஏன் ஒளித்துவைக்கிறார் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

பார்லருக்குள் மாட்டியிருக்கும் டி.வி.யில் இதெதுவும் வராது. அதில் ஸ்கோர் மட்டும்தான். காரணம், ஆடுகிறவர் தலையைத் தூக்கினால் டி.வி. தெரிகிறது. நிழலும் பரப்பும் அவர் கண்ணில் பட்டால் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் யோசனை சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. யூடியூபில் சில விநாடி தாமதம் இருப்பதால் வெளியே பார்ப்பவர்களால் பாதகமில்லை என்று நினைத்தோம். ஆனால் ஸ்னூக்கரில் ஒருவர் அரை நிமிடம் நின்று யோசிப்பார். தாமதம் அதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் போனில் லைவைப் பார்க்கக் கூடாது என்று அண்ணன் எழுதி ஒட்டிவிட்டார். இதில் அவர் கறார்.

கல்யாண வீடியோக்காரனாக எனக்குள்ளேயே ஒரு போராட்டம் உண்டு. இதயம் பறக்கும், ரோஜா இதழ் கொட்டும், எழுத்து சுழன்று வரும்; இதையெல்லாம் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்களுக்குப் பழகிய கை. பந்து விழும்போது பாக்கெட்டில் தீப்பொறி விடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. செய்து பார்த்து நானே ரசித்துவிட்டு அழித்துவிட்டேன்.

சாரின் பில்லியர்ட்ஸ் கதை தனி. மூன்றே பந்து: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் கேனன், இரண்டு பாயிண்ட். சிவப்பைப் போட்டாலோ, சிவப்பில் பட்டுத் தன் பந்து பாக்கெட்டில் விழுந்தாலோ மூன்று. ஸ்னூக்கரில் அடுத்த அடிக்கு வெள்ளை எங்கே நிற்கும் என்று பார்த்தால் போதும். இதில் மூன்று பந்தும் எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும். கேனன் அடித்ததும் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் மறுபடி கூடிவருவதற்காக ஒரு பந்தை மூன்று குஷன் சுற்றி அனுப்புவார்கள். பக்கவாட்டுக் கேமராவில் அது வெறும் உரசல். மேலிருந்து மூன்று நிறக் கோடுகளாக வரைந்து பார்க்கும்போது, தனித்தனியே கிளம்பிப் போன கோடுகள் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. சார் தொடர்ந்து பாயிண்ட் எடுத்து ஆடிய ஒரு பிரேக்கை அப்படி வரைந்து காட்டினோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "அந்தக் கேனன் கொஞ்சம் தடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் பிடிபடாதது பக்கச் சுழற்சி. வெள்ளைப் பந்து முழுக்க வெள்ளை. தன்னைத்தானே சுற்றுகிறதா என்று மேலிருக்கும் கேமராவுக்குத் தெரிய வழியே இல்லை. குஷனில் பட்டுத் திரும்பும் கோணம் மாறும்போதுதான், அட, சைடு போட்டிருக்கிறார் என்று தெரியும். பூல் ஒளிபரப்புகளில் இதற்காகவே சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளைப் பந்து பயன்படுத்துகிறார்கள். எங்கள் பூல் டேபிளுக்கு அப்படி ஒன்றை அண்ணன் வாங்கிவிட்டார். நடுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு போனை வைத்து, ஷட்டரை 500இல் ஒன்றுக்கு ஏற்றி, பொட்டுகள் நகர்வதை வைத்துச் சுழற்சியை எண்ண முடியுமா என்று பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பந்து ஓடும் முதல் அரை மீட்டரில் முடிகிறது, அதற்கப்புறம் தவறவிடுகிறது. ஸ்னூக்கர் டேபிளுக்கும் பொட்டுப் பந்து போடலாமே என்று நான் கேட்டதற்கு, ஆடுகிறவர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கண் அந்தப் பொட்டையே பார்க்கிறதாம். அது நியாயமான காரணம்தான். அதனால் இப்போதைக்கு ஸ்னூக்கரில் சைடைப் பற்றி வர்ணனையில் சாரையே பேச விட்டிருக்கிறோம்.